ராயப்பன் கொண்டுபோகாத கடிதம்

பனி என்று யாராவது சொன்னால் எனக்குச் சீரக வாசனைதான் வரும். இமயமலைப் பக்கம் போய்வந்த என் மகன், பனிக்கு வாசனையே கிடையாது என்று அடித்துப் பேசுகிறான். அவன் பார்த்த பனி வேறு, நான் பார்த்த பனி வேறு. என்னுடையது மளிகைக் கடைப் பொட்டலத்தில் வந்த பனி. அதில் நீலத் தொப்பி போட்ட ஒரு வாத்து, தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோகும்.

வாத்துக்கு முன்னால் என் காய்ச்சலைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீடு முதலியார்பேட்டையில். மில் சங்கு ஊதினால் அலமாரியில் தம்ளர் அதிரும். அப்பாவுக்கு அந்த மில்லில் தறி, அம்மாவுக்கு நூல் சுற்றும் வேலை. இருவரும் ஒரே சங்குக்குப் புறப்பட்டு ஒரே சங்குக்குத் திரும்புவார்கள். ஒருநாள் எனக்குத் தொண்டை வலித்தது. சில நாள் கழித்து வலது முட்டி வீங்கியது. அது வற்றுவதற்குள் கணுக்கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மார்பில் குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். மூட்டில் ஆரம்பித்து நெஞ்சுக்குப் போகிற காய்ச்சல் என்றார். ஒரு வருஷம் படுக்கை. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, பள்ளிக்கூடம் கூடவே கூடாது. கடைசியில் சொன்னதுதான் அவர் தந்ததிலேயே இனிப்பான மருந்து.

அப்பாவும் அம்மாவும் மில்லுக்குப் போய்விட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வது? வீட்டில் மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான். அவளுக்குப் பதினான்கு வயது. வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பக்கத்தில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்துபோன ஒரே பெண். இன்னும் இரண்டு வருஷத்தில் பிரவே என்னும் பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை எழுத வேண்டியவள். பிரவே தேறினால் டீச்சர் வேலை வீடு தேடிக்கொண்டு வரும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். அக்கா அந்த வேலைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய புடவையின் நிறத்தைக்கூட முடிவு செய்து வைத்திருந்தாள். வெளிர் பச்சை.

அப்பா பள்ளிக்குப் போய், மதர் என்று எல்லோரும் அழைக்கும் தலைமைக் கன்னியாஸ்திரீயிடம் பேசிவிட்டு வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வருசந்தாம்மா. மதர்கிட்ட நானே போயி சொல்லிட்டேன். எடத்த வச்சிருக்கறேன்னு சொன்னாங்க. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு வந்துடணும். அதுக்கு மேல ஒரு நாளும் வைக்க மாட்டாங்களாம்."

"பாப்பாவுக்கு நல்லாயிட்டா போலாம் இல்லப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லாயிட்டா போ. நானா வேணாங்கறேன்?"

நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். அவர்கள் பேசியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். எனக்கு நன்றாகிவிட்டால் அக்கா போய்விடுவாள்.

அக்கா அழவில்லை. மறுநாளே தன் பள்ளிப் பாவாடையைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். என்னையும் சும்மா விடுவதாக இல்லை. நான் முதல் வகுப்பை முடித்திருந்தேன். படுத்துக் கிடந்தபடி இரண்டாம் வகுப்பை முடித்துவிட வேண்டும், அடுத்த வருஷம் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பது அவள் போட்ட திட்டம். பள்ளிக்கு நானும் அவளும் ஒரே நாளில் போவோம் என்று சொன்னாள்.

முதல் பத்து நாள் பெரும் போர். அவள் தன் பள்ளிக் கன்னியாஸ்திரீ மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சிலேட்டில் எழுதிக் காட்டி, அடிக்கோலால் கட்டில் காலைத் தட்டுவாள். நான் போர்வைக்குள் போய்விடுவேன். கையைப் பிடித்து எழுதவைத்தால் "நெஞ்சு வலிக்குது" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை கடவுளுக்குக்கூட இருந்ததில்லை. சிலேட்டு உடனே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பதினோராம் நாள் வெல்லம் வாங்கப் போனாள். அதுதான் என் கல்வியின் ஆரம்பம்.

அந்த வருஷங்களில் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்தன. மேசை நாற்காலிகள் ஒரு பக்கம் விலைபோயின. வீட்டில் மூலை மூலையாகச் சேர்ந்திருந்த பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக மளிகைக் கடைகளுக்கு எடைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு வந்த கட்டுகளில் குழந்தைகளுக்கான ஏதோ ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வண்ணப்படக் கதை. அன்றைக்கு எங்கள் வெல்லம் அந்தப் பக்கத்தில்தான் மடிந்து வந்தது.

அக்கா வெல்லத்தைத் தட்டிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். பாதிப் படம் வெல்லத்தோடு போயிருந்தது. மீதியில் ஒரு வாத்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஏதோ கொட்டிக் கிடந்தது.

"என்னாக்கா அது, உப்பா?"

"பனிடி. அது தபால்கார வாத்து. யாருக்கோ கடிதாசு கொண்டுகிட்டுப் போவுது."

"அதும் பேரு இன்னா?"

பிரெஞ்சில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். வெல்லத்துக்கு அடியில் அது அழிந்துவிட்டது. அக்கா ஒரு நிமிஷம் யோசித்து, ராயப்பன் என்றாள். பிரெஞ்சுக்கார வாத்து மாதாகோவிலுக்குப் போகிற வேதக்கார வாத்தாகத்தானே இருக்க முடியும் என்று விளக்கமும் சொன்னாள். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

"யாருக்குக் கடிதாசு?"

"அடுத்த பக்கத்துலதான் இருக்கும். நீ இந்தப் பக்கத்துல ராயப்பன் பையில எத்தினி கடிதாசு இருக்குதுன்னு எண்ணி எழுது. அப்பறம் நான் போயி அடுத்த பக்கத்தக் கொண்டாறேன்."

எழுதினேன். அதுவரை எந்த அடிக்கோலும் சாதிக்காததை ஒரு வாத்து சாதித்துவிட்டது.

கடைக்காரரோ காகிதத்தைத் தனியாகத் தர மாட்டார். "காய்தம் விக்கற கடையா இது? சாமான் வாங்கு, பொட்டலம் கட்டித் தரேன்" என்பது அவர் சட்டம். ஆகவே அக்கா வீட்டுச் சாமானைப் பொடிப்பொடியாக வாங்க ஆரம்பித்தாள். காலையில் ஒரு பிடி கொத்தமல்லி, சாயங்காலம் ஒரு பிடி சீரகம், மறுநாள் மிளகு தனி, கடுகு தனி. சீரகம்தான் குறைந்த காசுக்குப் பெரிய பொட்டலமாக வரும் என்று அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் வீட்டு ரசம் அந்த வருஷம் முழுக்கச் சீரகத்தாலேயே ஆனது. அம்மா வாயில் வைத்ததும், "இன்னாடி பெரியவளே, இது ரசமா, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற கசாயமா?" என்பாள். அப்பா சத்தம் போடாமல் குடித்துவிட்டு எழுந்துபோவார்.

பக்கங்கள் வரிசையாக வரவில்லை. கடைக்காரர் கைக்கு எது அகப்பட்டதோ அது வந்தது. ராயப்பன் ஒருநாள் ஆற்றில் விழுந்து கிடப்பான். அவன் ஆற்றங்கரைக்குப் போனதே இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும். எண்ணெய் பட்ட பக்கங்களில் பின்பக்கத்துப் படமும் சேர்ந்து தெரியும். ராயப்பனுக்கு மேலே ஏதோ ஒரு சோப்பு விளம்பரத்துப் பெண் பேய் மாதிரி சிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா ஒவ்வொன்றையும் தண்ணீர் தொட்டுத் துடைத்து, உலர்த்தி, என் கட்டிலில் பரப்புவாள். எது முன்னால் எது பின்னால் என்று நான் அடுக்க வேண்டும். ஏன் அப்படி அடுக்கினேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அதற்கு மூளையைக் கசக்கியதுபோல் அப்புறம் நான் எந்தப் பரீட்சைக்கும் கசக்கியதில்லை.

மெல்ல மெல்லக் கதை துலங்கியது. ராயப்பனிடம் ஒரு கடிதம் வருகிறது. மழையில் நனைந்து அதன் முகவரி அழிந்துபோயிருக்கிறது. சேர வேண்டியவரிடம் சேர்க்காமல் தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். அவ்வளவுதான் கதை. அக்கா அதிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டிவிட்டாள். ராயப்பன் பையில் நாற்பத்திரண்டு கடிதம், ஏழு வீட்டுக்குச் சமமாகப் பிரித்தான் என்றால் அது கணக்கு. ராயப்பன் வழி தவறிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டால் அது பூகோளம். தரையில் சாக்குக்கட்டியால் கடலும் வாய்க்காலும் ரயிலடியும் மில்லும் வரைந்தாள். குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுக்கு ஒரு கடிதம், தவளக்குப்பம் சந்தைக்கு ஒரு கடிதம், எந்தத் தெரு வழியாகப் போவான் என்று நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே கம்பால் காட்ட வேண்டும். மாத்திரை கசந்தால் அதுவும் ராயப்பன் கொண்டுவந்த பார்சல்தான். கதவைத் தட்டினால் ராயப்பன் பிரெஞ்சு வணக்கமாகப் 'பொன்ழூர்' சொல்லுவான். நானும் பால்காரரிலிருந்து எல்லோருக்கும் பொன்ழூர் சொன்னேன்.

பழைய பிஸ்கோத்து டின்னில் வாய் வெட்டி ஒரு தபால்பெட்டியும் செய்தாள். உருளைக்கிழங்கை அறுத்து வாத்து உருவம் செதுக்கி, நீல மையில் தோய்த்து முத்திரை குத்தினோம். தினமும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் கடிதம் எழுதுவேன். காலையில் அது சோற்றுத் தூக்கில் மில்லுக்குப் போகும். நூல் சுற்றும் பகுதியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து படித்துச் சிரிப்பார்களாம். 'அம்மா, ராயப்பனுக்கு ரசம் பிடிக்கவில்லை' என்று ஒருநாள் எழுதியதை அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் நான் தூங்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நான் தூங்கிவிட்டதாக நினைத்து அக்கா தன் பெட்டியைத் திறப்பாள். புத்தகத்தை மடியில் வைத்து, உதட்டை மட்டும் அசைத்துப் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிப்பாள். அரைக்கண்ணால் பார்ப்பேன். அவள் முகம் அப்போது எனக்குத் தெரியாத ஒருத்தியின் முகமாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. "அக்கா, தண்ணி" என்பேன். புத்தகம் மூடிக்கொள்ளும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. எனக்கு வலி போய் வெகுநாள் ஆகியிருந்தது. யாரும் பார்க்காதபோது கட்டிலிலிருந்து தரையில் குதித்தும் பார்த்துவிட்டேன். நெஞ்சு ஒன்றும் ஆகவில்லை. வாத்தின் கதையும் முடிவுக்கு வந்திருந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில், மலை உச்சியில் ஒரு வீட்டின் கதவை ராயப்பன் தட்டுகிறான். கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது. அதோடு பக்கம் முடிந்தது. உள்ளே இருப்பது யார்? அந்த ஒரு பக்கம் மட்டும் வரவில்லை. கடைக்காரரிடம் காகிதக் கட்டு ஒரு சாண் உயரம்தான் பாக்கி என்று அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பள்ளி திறக்க நாலு நாள் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்கா பாவாடையை எடுத்து அடி மடிப்பைப் பிரித்து நீளமாக்கினாள். ஒரு வருஷத்தில் அவ்வளவு வளர்ந்திருந்தாள். பிறகு உட்கார்ந்து மதருக்கு அப்பா எழுதுவதாக ஒரு கடிதம் பிரெஞ்சில் எழுதினாள். சின்னவளுக்குக் குணமாகிவிட்டது, பெரியவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாக அப்பாவுக்குப் படித்துச் சொன்னாள். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கவரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, முத்து முத்தாக முகவரி எழுதினாள்.

"இந்தா, போஸ்ட் மாஸ்டரம்மா, முத்திரை போடு" என்று என்னிடம் நீட்டினாள்.

நான்தான் வாத்து முத்திரையைக் குத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே, "இனிமே ராயப்பனுக்கு லீவு. நீயும் பள்ளிக்கூடம், நானும் பள்ளிக்கூடம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் உருளைக்கிழங்கு முத்திரையைப் போர்வைக்குள் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் காலை அவள் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, நீளமாக்கிய பாவாடையை உடுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பள்ளியும் அங்கேதான். டாக்டர் சரி என்று சொன்னதும் அப்படியே பள்ளிக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடுவது ஏற்பாடு. அப்பா ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மூவரும் ரிக்ஷாவில் போனோம்.

நான் டாக்டருக்கும் பொன்ழூர் சொன்னேன். அவர் கடகடவென்று சிரித்தார். மார்பில் குழாய் வைத்து முன்னும் பின்னும் கேட்டார். உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். "நெஞ்சு சுத்தமா இருக்குதுப்பா. நல்லா பாத்துகிட்டிருக்கறீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள்தான் கடிதம்.

"என்னா பாப்பா, முட்டி வலிக்குதா?" டாக்டர் என் வலது முட்டியை அமுக்கினார்.

அக்கா என்னைப் பார்த்து, இல்லை என்று சொல்லு என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினாள். கண்ணெல்லாம் சிரிப்பு. எனக்கு அந்த நேரத்தில் கண்முன் நின்றது மலை உச்சி வீடும், பாதி திறந்த கதவும், கடைக்காரரிடம் மிச்சமிருந்த ஒரு சாண் காகிதமும்தான்.

"வலிக்குது" என்றேன்.

"இங்கியா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவசரத்தில் இடது முட்டியைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். டாக்டரோ முகத்தைச் சுளித்து யோசித்தார்.

"ஒரு மூட்ட விட்டு இன்னொரு மூட்டுக்குத் தாவறதுதான் இந்த வியாதியோட கொணம். வலி இருக்குதுன்னா நான் துணிஞ்சு அனுப்ப முடியாது. இன்னும் ஆறு மாசம் வூட்லியே இருக்கட்டும்."

  அக்கா என் இடது முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தோம். ரிக்ஷாக்காரர், "எந்தப் பக்கம்யா?" என்றார். நேராகப் போனால் பள்ளிக்கூடம், திரும்பினால் வாய்க்காலைத் தாண்டி வீடு. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வூட்டுக்குப் போங்கண்ணே" என்றாள் அக்கா.

 எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். இன்னும் ஆறு மாசம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரை எனக்குக் கொடு என்று அடம் பிடித்தேன். எங்கள் தபால்பெட்டியில் அதுவரை நிஜக் கவர் விழுந்ததே இல்லை. அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டின்னில் போட்டு, மறுபடியும் எடுத்து, முகவரியைத் தடவிப் பார்த்தேன்.

"அக்கா, இதுல முகவரி அழியவே இல்லியே. ராயப்பன் ஏன் கொண்டுபோவல?"

அவள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "முகவரியெல்லாம் சரியாத்தான் இருக்குது. ராயப்பன்தான் போவல."

"அவன் போவாம இருக்கவே மாட்டான்."

"அவன் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லியாம்" என்றாள்.

வாத்துக்குத் தங்கச்சி இருக்கும் விஷயம் எந்தப் பக்கத்திலும் வரவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புதிய பக்கம் ஏதோ கிடைத்துவிட்டது போலிருக்கிறது, நாளைக்குக் காட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கமும் வரவில்லை, கடைசிப் பக்கமும் வரவில்லை. இரண்டே மாதத்தில் கடைக்காரரின் கட்டு தீர்ந்து, தமிழ் தினசரிக் காகிதத்தில் சீரகம் வர ஆரம்பித்தது. கதவைத் திறந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதி வருஷத்தில் பள்ளிக்குப் போன என்னை மூன்றாம் வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள். எழுதச் சொன்னதையெல்லாம் எழுதினேன், போட்ட கணக்கெல்லாம் சரி. வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது என்று டீச்சர் வியந்து கேட்டார்கள். வாத்து என்றேன். வகுப்பே சிரித்தது.

அக்காவின் இடத்தை மதர் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார். அப்பா இன்னும் ஒருமுறை போய்க் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பதினாறு வயதில் அக்கா அம்மாவோடு நூல் சுற்றப் போனாள். பிறகு தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார், தங்கமான மனிதர். அக்கா வாழ்க்கை ஒன்றும் பாழாகிவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் தரையில் வரைந்த ஒரு வாத்திடம்தான் எழுத்துப் படித்தார்கள். நான் பெரியவளாகித் தபால் இலாகாவில் சேர்ந்தேன். அதற்கும் ராயப்பனுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

அக்கா நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் அவள் செய்த ஒரே தவறு. கொஞ்சம் மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அன்றைக்கு நான் வலிக்கவில்லை என்றிருப்பேன். இதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கு அறுபது நெருங்கிய பிறகு, ஒருநாள் தவளக்குப்பத்தில் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியுமாக்கா?

"நீ எடது முட்டியக் காட்டுனப்பவே தெரியும்" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலிக்கற பிள்ள முட்டிய மாத்தியா காட்டும்?"

"அப்பறம் ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா டாக்டர் அனுப்பியிருப்பாரே."

"தாவற வியாதின்னு அவரு சொல்லிட்டாரே. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பொய்யின்னு எனக்குத் தெரியும். மிச்சம் ஒண்ணு இருக்குது இல்ல? நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடி, படி ஏறி, அது நெசமா இருந்து தொலஞ்சிருந்தா? நான் பிரவே எழுதி இன்னா பண்றது?"

 அவள் என் பக்கம் இருந்த கீரையையும் இழுத்துக்கொண்டு, "பாத்து ஆஞ்சு போடு, காம்பெல்லாம் கெடக்குது" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. மில் சங்கு ஊதி அம்மா வருவதற்கு முன், அக்கா பள்ளிப் பாவாடையை மாற்றிவிட்டு, வேப்பெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். இடது முட்டியில் நீவினாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று வலது முட்டியிலும் நீவினாள். நெசமா வலிக்குதா, நெசமா வலிக்குதா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். அவ்வளவு படித்த அக்காவையே ஏமாற்றிவிட்ட பெருமையில், அவள் நீவிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன்.